எர்த் கிளாம்ப்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெல்டிங் ஆர்க் படபடவென்று வெடித்துப் பொறி தெறித்தது. வயர் உருகாமல் இரும்பில் முட்டி வளைந்தது. பஸ் பாடி கட்டும் பட்டறையின் ஒரே பெண் வெல்டரான பூங்கோதை வெல்டிங் கன்னின் முனை டிப்பை மாற்றினாள், வோல்டேஜைப் பார்த்தாள். கடைசியில் மின்சாரக் கம்பியை இரும்போடு கவ்விப் பிடிக்கும் எர்த் கிளாம்பின் போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டு முறுக்கினாள். மறுநாள் மதியமும் அது தளர்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். ஏற்கெனவே ஒரு பஸ்ஸில் அவள் வைத்த பற்று விட்டிருந்தது; இன்னொன்றிலும் விட்டால் அவளுக்கு வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

நான்காம் நாள் அவள் சாப்பிடப் போகவில்லை. பாதி கட்டிய பஸ்ஸுக்குள் குனிந்து உட்கார்ந்து, அவள் சந்தேகப்பட்ட பக்கத்து மெஷின் தனசேகரனை எதிர்பார்த்துக் காத்திருந்தாள். வந்தவர் சூப்பர்வைசர் ரத்தினசாமி. அவளை வேலைக்குச் சேர்த்துவிட்டவரே அவர்தான். ஸ்பேனரோடு குந்தி போல்ட்டைத் திருகினார். எந்தப் பக்கம் திருகினார் என்பதை அவர் முதுகு மறைத்தது.

அவள் இறங்கி வந்து பின்னால் நின்றாள்.

“லூசாக் கெடந்துச்சு அம்மிணி. முறுக்கி உட்டேன்” என்றார், திரும்பிப் பார்த்து.

“நேத்தும் நீங்கதானுங்களா முறுக்குனது?”

அவர் ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். “நீ சாப்பிடப் போகலியா?”

அவள் காவலிருந்த அன்று மட்டும் சாயங்காலம் வரை ஆர்க் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. சீராக எரியும் அந்த நெருப்பைப் பார்க்கப் பார்க்கத்தான் அவளுக்குப் பயம் கூடியது.