இரண்டாவது தையல்

மயில்வாகனத்தின் வயிற்றை இரண்டாவது முறையாகத் தைத்துக்கொண்டிருந்தேன். கோபத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

பன்னிரண்டு நாளுக்கு முன் இதே வயிற்றில் குடல் ஓட்டையை அடைத்துவிட்டு, அரை சென்டிமீட்டருக்கு ஒன்றாக, அவசரமே படாமல் தையல் போட்டவள் நான். சர்க்கரை, ஆஸ்துமா, ஓயாத இருமல். இப்படி ஒரு உடம்பில் தையல் பிடிப்பதே பெரிய விஷயம். பிடித்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது படித்துப் படித்துச் சொன்னேன், மூன்று மாதம் தறிக்குழியில் இறங்கிப் பட்டு நெய்யக் கூடாது என்று. ஒவ்வொரு மிதிக்கும் அடிவயிறு இழுபடும்.

மனிதர் மறுநாளே இறங்கியிருக்கிறார்.

இன்று காலை ஒரே ஒரு இருமல். தையல் பிரிந்து குடல் வெளியே வந்துவிட்டது. பிள்ளையார்பாளையத்திலிருந்து ஈரத்துண்டால் வயிற்றைப் பொத்திக்கொண்டு ஆட்டோவில் வந்தார்.

தடித்த நைலான் இழையை, விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, தோலையும் தசையையும் சேர்த்துக் கோத்தேன். இழை தோலை அறுக்காதிருக்க அடியில் ரப்பர் குழாய்த் துண்டுகள். இறுக்கினால் ரத்தம் ஓடாமல் சதை செத்துவிடும். தளர்த்தினால் மறுபடி பிரியும். பிரிந்தால் இந்த ஆள் பிழைக்க மாட்டார்.

முடித்துவிட்டு வெளியே வந்து, அவர் மனைவி காந்தாவைப் பிடிபிடியென்று பிடித்தேன்.

“நான் இன்னாம்மா பண்றது? முகூர்த்தப் பொடவை. கல்யாணப் பொண்ணு தெனம் போன் பண்ணிக் கேட்டுக்கினே இருக்குது. சொன்ன தேதிக்குத் தரலன்னா மானம் போயிடும்னு எறங்கிட்டாரு.”

என்ன ஜென்மங்கள் இவர்கள்? வயிறு கிழிந்து கிடக்கிற மனுஷனை உட்காரவைத்துப் பட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, மணவறையில் எப்படித்தான் சிரிப்பார்களோ!

காந்தாவின் கையிலிருந்த மயில்வாகனத்தின் போன் அடித்தது. அந்தப் பெண்தான் என்றாள்.

வெடுக்கென்று பிடுங்கினேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணா, கோச்சிக்காதீங்கண்ணா. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எங்கம்மாதான் டெய்லி என்னை நச்சரிக்கிறாங்க.”

என் மகள் கீர்த்தியின் குரல்.