நூற்றுப்பத்து டிகிரி

மீனைப் புகையில் வாட்டிச் சமைக்கும் மின்சாரப் பெட்டி வாங்க வேண்டும் என்று நீர்நாய்க்கு ஆசை வந்தது. கடைக்கார முள்ளம்பன்றி இரண்டு பெட்டிகளைக் காட்டியது.

"இதில் சூடு ஏறினால் நீங்கள்தான் திருகிக் குறைக்கணும். அதில் கன்ட்ரோலர் இருக்கு. நூற்றுப்பத்து டிகிரி என்று வைத்துவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். புதுசாகப் பழகுகிறவர்களுக்கு அதுதான் தோது."

நீர்நாய் கன்ட்ரோலர் வைத்ததையே வாங்கி ஓட்டமாக வீட்டுக்கு வந்தது. நண்பன் கொக்கை விருந்துக்குக் கூப்பிட்டது. புகைக்கு மரச்சீவலைக் கொட்டிப் பெட்டியை முடுக்கியது. சூட்டைக் காட்டும் எண் திரையில் ஏறத் தொடங்கியது.

"எண்பது... தொண்ணூறு... அடேயப்பா, நூற்றுப்பத்து! அப்படியே நிற்கிறது பார்!" என்று குதித்தது. கொக்கும் சிறகடித்தது. எண் ஒன்று கூடினால் இரண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டன, இறங்கியதும் ஆர்ப்பரித்தன. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

கடைசியில் பசி தாங்காமல் கொக்கு கதவைத் திறந்தது. உள்ளே வெறும் கம்பித்தட்டுதான் இருந்தது.

"அண்ணே, மீன் எங்கே?"

நீர்நாய் உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஐயையோ, மீன் பிடிக்கவே மறந்துவிட்டேனே!" என்றது. அடுத்த கணமே பதறிப்போய்க் கத்தியது:

"முதலில் கதவைச் சாத்து தம்பி, நூறுக்கு இறங்கிவிட்டது!"