இடைவேளையில் உள்ளே போகாதவர்

ஐஸ் பொட்டலத்தோடு கதவருகே வந்தவர், உள்ளே கேட்ட குரலில் அப்படியே நின்றுவிட்டார்.

பையன்கள் உடைமாற்றும் அறை அது. கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்து இறுதி ஆட்டம். இடைவேளை. அவருடைய பையன்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள்.

இடைவேளையில் அவர் உள்ளே போவதில்லை. பயிற்சியாளராக வந்த நாளிலிருந்து அப்படித்தான். தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, வெளியே வந்து நிற்பார். என்ன தப்பு, யார் தப்பு, எப்படித் திருத்துவது என்பதையெல்லாம் அவர்களே பேசிக்கொள்ள வேண்டும். ஆடுகிறவனுக்குத் தெரியாததா கத்துகிறவனுக்குத் தெரிந்துவிடும் என்பது அவர் கட்சி.

"அடியாத மாடு படியாது சார்" என்றார்கள் சக ஆசிரியர்கள்.

அவர் சிரித்துக்கொண்டார். இவர்கள் மாடுகள் இல்லை என்று சொல்வதற்குக்கூட வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமலே காலிறுதியும் அரையிறுதியும் ஜெயித்தாயிற்று. முதல் பாதியில் தடுமாறிய பையன்கள், இடைவேளை முடிந்ததும் வேறு பையன்களாக வந்தார்கள்.

பெருமையில் அவருக்கு நெஞ்சு கொள்ளவில்லை. வீட்டில் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "நா ஒண்ணுமே செய்யல கேட்டியா. எல்லாம் அவனுவளேதான்."

இன்று ஒரு பையனுக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. ஜூஸ் கடையில் கெஞ்சி ஐஸ் வாங்கி வந்தார். கொடுத்துவிட்டுத் திரும்பிவிடத்தான் எண்ணம்.

கதவு சரியாகச் சாத்தப்படவில்லை.

"எலேய் மூதேவி, எடது பக்கத்த எவம்ல காலியா விட்டது? காலு எதுக்குல வச்சிருக்கிய?"

போனின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது குரல்.

செல்வதாஸ் சார். இவருக்கு முன்பிருந்த பயிற்சியாளர். அறைந்து அறைந்தே ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். ஒருநாள் கேப்டன் ஷாஜினைக் காது வீங்கும்படி அறைந்தார். மொத்த டீமும் முதல்வர் அறை வாசலில் போய் உட்கார்ந்தது. இந்த சார் வேண்டவே வேண்டாம் என்று அழுதவன் ஷாஜின். அந்த அழுகையில்தான் இவருக்கு இந்த வேலை கிடைத்தது.

இப்போது நடுவில் நின்று போனை ஏந்திப் பிடித்திருந்தவனும் ஷாஜின்தான்.

"போன ஆட்டத்துலயும் இதத்தாம்ல சொன்னேன். அதுக்கு முந்தின ஆட்டத்துலயும் இதத்தான். செவியில ஏறுகா உங்களுக்கு?"

"ஏறுது சார்" என்றார்கள் பையன்கள், ஒரே குரலில்.

அப்படியானால் அத்தனை ஆட்டமும். அத்தனை இடைவேளையும். அவர் சாத்திக்கொடுத்த கதவுக்குப் பின்னால்.

"உங்க புது சார் என்னல செய்யாரு?"

"வெளிய நிக்காரு சார்" என்றான் ஷாஜின். "பாவம். நல்ல மனுசன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அதில் கேலிகூட இல்லை. பிரியம்தான் இருந்தது.

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பார். கழுத்தை அறுக்கிறவன், பாவம் என்று சொல்லிக்கொண்டா அறுப்பான்?

ஐஸ் பொட்டலத்தை வாசற்படியில் வைத்தார். சத்தமில்லாமல் மைதானத்துக்குத் திரும்பி நடந்தார்.

விசில் அடித்தது. பையன்கள் ஓடிவந்தார்கள். வழக்கம்போல ஷாஜின் அவரைக் கடக்கும்போது சொன்னான்.

"பேசியாச்சு சார்."

அவரும் வழக்கம்போல தலையாட்டினார்.

இரண்டாம் பாதியில் இடது பக்கம் அடைபட்டது. பையன்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். கோல் மட்டும் விழவில்லை.

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தாத மனிதருக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

எதிரணியின் கோல் கீப்பர் ஆர்வக்கோளாறு பிடித்தவன். பந்து மைதானத்தின் நடுவில் இருக்கும்போதெல்லாம் தன் இடத்தை விட்டு வெகுதூரம் முன்னால் வந்து நின்றான். பின்னால் வலை ஆளில்லாமல் கிடந்தது. அவன் தலைக்கு மேல் தூக்கி ஒரு நீண்ட அடி அடித்தால் போதும். ஷாஜினின் காலுக்கு அது பெரிய காரியமே இல்லை.

மைதானத்தில் ஒருவனும் அதைக் கவனிக்கவில்லை. எங்கோ உட்கார்ந்து போனில் நேரலையாக ஆட்டம் பார்க்கிறவருக்கும் தெரிய வழியில்லை. கேமரா பந்தின் பின்னால்தான் ஓடும்.

கடைசி நிமிடங்கள். பந்து கோட்டுக்கு வெளியே உருண்டது. அதை எடுக்க வந்த ஷாஜின், எடுக்காமல் நேராக அவரிடம் வந்தான். அழுதுவிடுவான் போலிருந்தது. போன் உடைமாற்றும் அறையில், பைக்குள் கிடந்தது.

"ஒண்ணும் நடக்க மாட்டேங்கு சார். என்ன செய்யணும்? நீங்க சொல்லுங்க சார்."

இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் இத்தனை மாதம் வெளியே நின்றார் என்றுகூடச் சொல்லலாம்.

ஷாஜினின் தோளுக்கு மேலாகப் பார்த்தார். கீப்பர் முன்னால் வந்திருந்தான். பதில் அவர் நாக்கு நுனியில் இருந்தது.

அவன் தோளில் கை வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாங்க மக்களே."

ஷாஜின் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.

கீப்பர் இன்னும் இரண்டடி முன்னால் வந்தான்.