மானுக்காகப் பேசிய மைனா

ஓட்டக்கார மானுக்குப் பந்தயம் பிடித்துத் தருவதும், அதன் சார்பில் பேசுவதும் மைனாவின் வேலை. மானுக்குக் கூச்ச சுபாவம். வரப்போகும் பெரிய பந்தயத்தில் மான் ஜெயித்தால், அடுத்து சிறுத்தையே தனக்கும் பந்தயம் பிடித்துத் தரச் சொல்லித் தன்னைத் தேடி வரும் என்று மைனா நம்பியது.

பந்தயத்தன்று காலை, மானை ஓட விடலாமா என்று ஆமை வைத்தியர் மானின் முன்னங்காலை அழுத்திப் பார்த்தார். "வலிக்குதாம்மா?"

மான் வாய் திறப்பதற்குள் மைனா முந்திக்கொண்டது. "வலியா! எங்க பொண்ணு காத்தா பறப்பா, வைத்தியரே. நீங்க நடக்கிற நடைக்கு, பந்தயம் முடியறதுக்குள்ள வந்து சேருவீங்களா?"

வைத்தியர் சிரித்துக்கொண்டே மானை ஓட அனுமதித்துவிட்டார். பாதி ஓட்டத்தில் மானின் கால் முறிந்தது. இனி மானால் ஓடவே முடியாது என்று சொல்லி வைத்தியர் கட்டுப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு மைனா மெல்லக் கேட்டது: "காலையிலேயே வலிச்சுதா, கண்ணு?"

"வலிச்சுதுக்கா. நீங்க அவ்வளவு நல்லா பேசிட்டிருந்தீங்க, நடுவுல எப்படிச் சொல்றது?"