அவுட் கொடுத்த பல் டாக்டர்

“ஏங்க, அவன் வந்திருக்கான்!”

டோக்கன் கொடுக்கும் மேஜையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள் பல் டாக்டரின் மனைவி.

“எவன்?”

“ஃபைனல்ல நீங்க அவுட் கொடுத்தீங்களே, அந்த வெல்டர். பல் வலியாம். எனக்கென்னவோ சண்டைக்கு வந்த மாதிரிதான் தெரியுது. நீங்க இல்லைன்னு சொல்லிடவா?”

“வேணாம். வரச்சொல்லு.”

சொல்லிவிட்டாரே தவிர, டாக்டருக்கும் உள்ளூர உதறல்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் அம்பயராக நிற்பது அவருக்கு ஓர் ஆசை. போன மாத ஃபைனலில், பக்கத்துத் தொழிற்சாலை டீமுக்காகக் கடைசி ரன் எடுக்க இந்த வெல்டர் பாய்ந்து வந்து சறுக்கினான். ஒரே புழுதி. டாக்டர் அவுட் கொடுத்துவிட்டார். சமன் ஆகியிருக்க வேண்டிய ஆட்டம், ஒரே ரன்னில் கோப்பை போச்சு.

மறுநாள் யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தால், எதிர் டீம்காரன் பந்தை அவன் மேல் வைப்பதற்கு முன்பே, தொட்டால் ரன் கணக்காகும் ஹோம் பிளேட்டை அவன் கால் தொட்டிருந்தது.

அதற்கப்புறம் தொழிற்சாலை ஆள் ஒருவர்கூட இந்தக் கிளினிக் படி ஏறவில்லை.

வெல்டர் வந்து நாற்காலியில் சாய்ந்தான்.

“வாயை நல்லாத் திறங்க.”

“அன்னிக்கு கிரவுண்டுல உங்களைத் திட்டத் திறந்த அளவுக்கா டாக்டர்?”

டாக்டருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. “எந்தப் பக்கம் வலி?”

“வலது பக்கம். இல்ல... இடது பக்கம்.”

டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். தட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“தப்பு என்னோடதுதான். நீங்க அவுட்டே இல்லை. அன்னியிலேர்ந்து நான் அம்பயரா நிக்கறதே இல்லை.”

பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை அவன் வாயிலிருந்து வெளியே எடுத்தார்.

“டீம் எப்படி இருக்கு?”

“டீம் எங்க இருக்கு? கோபத்துல வேலியை உதைச்ச ரெண்டு பேருக்கு ஆடத் தடை. பந்து போடுறவன் பயிற்சிக்கே வர்றதில்லை. பெரிய டீமுக்கு ஆள் எடுக்க வந்தவங்க, அம்பயரை இப்படித் திட்டுறவன் வேணாம்னு என்னை விட்டுட்டுப் போயிட்டாங்க.”

திரைக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டரின் மனைவி, போலீஸைக் கூப்பிடத் தயாராகப் போனை எடுத்தாள்.

“உங்க மேல எனக்கு இன்னும் கோபம் இருக்கு டாக்டர். பொய் சொல்ல மாட்டேன்.”

“நியாயம்தான்” என்றார் டாக்டர். “ஆனா உங்க பல்லுல ஒரு குறையும் இல்லையே. எல்லாமே கல்லு மாதிரி இருக்கு.”

“அது எனக்கும் தெரியும்.”

வெல்டர் எழுந்து, திரை பக்கமாகத் திரும்பினான்.

“அக்கா, வாசல்ல கண்ணாடிக் கதவுகிட்ட இருக்கிற நாற்காலியில கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கட்டுமா?”

அவள் தயங்கியபடி வெளியே வந்தாள். “எதுக்கு?”

“ஷிஃப்ட் விடுற நேரம், எங்க ஆளுங்க இந்த வழியாத்தான் போவாங்க. எனக்காக நாலு பேரு இங்க வராம பல் வலியைப் பொறுத்துக்கிட்டுத் திரியறானுங்க. நான் இங்க உட்கார்ந்திருக்கறதைப் பார்த்தா, வந்துடுவானுங்க.”