இன்னொரு வீடியோ

ஒரகடத்துத் தொழிற்சாலையில், கை சிக்காமல் தடுக்கும் கதவு இல்லாமலே பிரஸ் மெஷின் ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டவள் தங்கமாரி. மேனேஜர் நிவாஸ் கூப்பிட்டதும் வேலை போய்விட்டதென்றே நினைத்தாள்.

"மன்னிச்சிருங்க சார். இப்பவே அழிச்சிருதேன்."

"ஐயோ, அழிச்சிடாதம்மா. மறைக்கிறோம்னு பேசுவாங்க. அதைப் பாத்துட்டு வெளிநாட்டுக்காரங்க ஆர்டரையே நிறுத்திட்டாங்க. சரியாயிடுச்சுன்னு நீயே இன்னொரு வீடியோ போடு. நாங்க சொன்னா யாரும் நம்பமாட்டாங்க."

அவளுக்கு மூச்சு வந்தது. "கதவ மாட்டியாச்சா சார்?"

"அடுத்த மாசம் மாட்டிடுவோம்."

"அதுவரைக்கும் மெஷின் ஓடுமா?"

"ஓடிட்டுதாம்மா இருக்கு."

அந்த மெஷினில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தவள் தங்கமாரியின் தங்கை பாண்டிச்செல்வி.

"முதல்ல மெஷின நிறுத்துங்க சார். நின்னதத்தான் வீடியோவாப் போடுவேன்" என்றாள் தங்கமாரி.