நண்பகல் வேட்டு

"கம்பியை உள்ளே விடாதம்மா. ஓபல் இப்பத்தான் கண் அசந்திருக்கா" என்றார் டெல்மர்.

குழலைச் சோதிக்கும் கம்பியோடு நின்ற நோலா சிரித்தாள். இந்தக் கெண்டக்கி மலையில் நீளத் துப்பாக்கிக்குப் பெண் பெயர் வைக்காத ஆள் கிடையாது. காலையிலிருந்து அவள் சோதித்தவற்றில் ஒரு கறுப்பு நான்சி, ஒரு மூத்த சூசன்னா, ஒரு விதவை மேகி. இப்போது ஓபல்.

"தூங்கட்டும் பெரியவரே. நான் தாலாட்டு பாடிக்கிட்டே பாக்குறேன்."

"நீ இந்த ஊரா?"

"பக்கத்து மாவட்டம். பாதுகாப்புச் சோதனைக்கு இந்த வருஷம்தான் என்னைப் போட்டிருக்காங்க."

"அதான்" என்றார் அவர்.

பதினோரு மணியாகியும் மூடுபனி கலையவில்லை. விழாக் கூடாரங்கள் பாதி தெரிந்தன. எங்கோ ஒரு பிடில் ஒலித்துக்கொண்டிருந்தது. வாசிப்பவரைக் காணோம். சோளத்தட்டைச் சாறு கொதித்துப் பாகாகும் வாசம் மட்டும் எல்லா இடத்திலும் இருந்தது.

மற்றவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் கம்பளி விரித்த மேசைகளில் கிடத்தியிருந்தார்கள். டெல்மருடையது இன்னும் அவர் வண்டியின் முன் இருக்கையில் இருந்தது. மெத்தைப் போர்வையில் சுற்றி, இருக்கைப் பட்டையும் மாட்டியிருந்தார்.

"பட்டை எதுக்கு?"

"வளைவு அதிகம். நான் கொஞ்சம் வேகமா ஓட்டுவேன். அவளுக்குப் பிடிக்காது."

"எல்லாம் நடிப்பு" என்றான் பக்கத்து மேசைக்காரன். லூயிவில்லிலிருந்து வந்த சேகரிப்பாளன், பெயர் பிரென்டிஸ். "மூணு வருஷமா விலை கேக்குறேன். போன வருஷம் வரைக்கும் தொட்டுப் பாக்க விட்டாரு. இந்த வருஷம் கிட்டவே விடல. குழல்ல விரிசல் விட்டிருக்கும்மா. வேட்டுப் போட்டா மூஞ்சியிலேயே வெடிக்கும்."

"உன் மூஞ்சிக்கு அது ஒண்ணும் கெடுதல் இல்ல" என்றார் டெல்மர்.

நோலாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விரிசல் என்ற சொல் உறுத்தியது. பன்னிரண்டு மணிக்கு ஒரே ஒரு துப்பாக்கி எதிரே உள்ள மலைமேட்டை நோக்கி குண்டில்லாமல் வெறும் வெடிமருந்து வேட்டுப் போடும். அதோடு விழா தொடங்கும். யார் போடுவது என்று சீட்டுக் குலுக்குவார்கள். இந்த வருஷம் வந்தது டெல்மரின் சீட்டு.

"கம்பி விட்டுப் பாக்காத துப்பாக்கிய மேசையில வைக்க முடியாது. வேட்டும் போட முடியாது. சட்டம் நான் எழுதல."

"முப்பத்தோரு வருஷம் சீட்டுப் போட்டிருக்கேன். இப்பத்தான் வந்திருக்கு."

"அடுத்த வருஷமும் வரலாமே."

"எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சும்மா."

அவர் குரலில் கெஞ்சல் இல்லை. மணி சொல்வதுபோலச் சொன்னார். நோலா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப வேற சீட்டு எடுக்கச் சொல்லிடறேன்."

டெல்மர் சற்று நேரம் மேட்டைப் பார்த்தார். பனிக்கு மேலே அதன் முதுகு மட்டும் மிதந்தது. பிறகு வண்டிக் கதவைத் திறந்து, பட்டையைக் கழற்றி, போர்வையோடு தூக்கி வந்தார்.

போர்வை விலகியது. அவர் மோவாய் உயரம். அலையலையாக வரியோடிய மேப்பிள் கட்டை, பித்தளை மூடி, எண்கோணக் குழல். பிரென்டிஸ்கூட வாயை மூடிக்கொண்டான்.

"குழல் வாய் கீழே பாக்க வேண்டாம்" என்றார் டெல்மர். "நிமித்தியே பிடி."

நோலா கம்பியை இறக்கினாள். இருநூறு வருஷத்து இரும்புக்குள் அது சத்தமில்லாமல் போனது. நின்றது. வாயருகே விரலால் அளவு பிடித்து உருவி, குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பார்த்தாள். குழலின் அடிவரை எட்ட வேண்டிய கம்பி நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டிருந்தது.

மறுபடி விட்டாள். அதே அளவு.

"நிரப்பி வச்சிருக்கீங்க!" குரலைத் தாழ்த்தினாள். "குழந்தைங்க ஓடுற இடம் இது. உங்களுக்குத் தெரியாததா?"

"பொறியில மருந்து வைக்கல. தீப்பொறிக் கல்லையும் கழட்டிட்டேன். பாரு."

"பாத்தேன். இருந்தாலும் உள்ளே இருக்கறத எடுத்தாகணும்." கம்பியின் நுனியில் குண்டை உருவும் திருகை மாட்டினாள். "குண்டு வெளியே வந்ததும் வீட்டுக்குக் கிளம்புங்க. இதுக்கு மேல நான் பேசினா புகார் எழுத வேண்டியிருக்கும்."

அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. வயதான கை, ஆனால் பிடி உறுதியாக இருந்தது.

"திருகு வேண்டாம்மா. குண்டு இல்ல."

"பின்னே?"

"மருந்துக்கு மேல துணி. துணிக்கு மேல..." பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "துப்பாக்கி பேரு பெட்டினா. ஓபல் என் பொண்டாட்டி. எரிச்சு ஆறு வாரமாச்சு. மேட்டுக்கு மேலதான் போவேன்னு சொல்லியிருந்தா. என்னால இப்பெல்லாம் ஏற முடியல."

நோலா திருகைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஒரு விரலை எச்சிலில் நனைத்துப் பனிக்குள் உயர்த்திப் பிடித்தாள்.

"காத்து இப்ப மேட்டுப் பக்கம்தான் அடிக்குது" என்றாள்.